வேலை இல்லை என்று சொல்லும் வேலை

காரைக்குடியில் வேலை கேட்டுப் போனால் "இல்லை" என்ற பதிலை வாங்குவதற்குள் செருப்பு தேய்ந்துவிடும். "சொல்லி அனுப்புறோம்" என்பார்கள். டீ வாங்கித் தருவார்கள். நமக்கு எந்த ஊரில் பெண் எடுத்தது, அங்கே அவர்களுக்குத் தெரிந்த வீடு எது என்றெல்லாம் விசாரிப்பார்கள். கேட்டுப்போன வேலை என்னவாயிற்று என்பது மட்டும் தெரியாது.

எனக்குக் கல்யாணமான ஏழாம் மாதம், நான் மேனேஜராக இருந்த மதுரை டைல்ஸ் கடையை மூடிவிட்டார்கள். காரைக்குடிப் பக்கம் என் சொந்த ஊரான மானகிரிக்கு வந்து, வீட்டில் நாலு மாதம் சும்மா இருந்தேன். மனைவி ஒன்றும் கேட்கமாட்டாள். அவள் அப்பாதான் ஞாயிறுதோறும் போன் செய்து, "மாப்ளே, ஏதும் அமைஞ்சுச்சா?" என்பார். சனிக்கிழமை சாயங்காலமே நான் பதிலை ஒத்திகை பார்க்க ஆரம்பித்துவிடுவேன்.

செக்காலை ரோட்டில் ஒரு டைல்ஸ் கடைக்கு மேனேஜர் தேடுகிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனேன். முதலாளி அறுபது வயதுக்காரர், தங்கமான மனிதர். அவரும் சொல்லி அனுப்புவதாகத்தான் சொன்னார். பத்து நாள் பொறுத்துப் பார்த்துவிட்டுப் பதினோராம் நாள் நேரே போய் நின்றேன்.

என்னைப் பார்த்ததும் அவர் முகம் ஒரு நொடி வெளிறியது. பிறகு மலர்ந்தது. "வாங்க தம்பி, நல்ல நேரத்துல வந்தீக! டீ சாப்புடுங்க. ஒரு சின்ன ஒத்தாசை பண்ணுவீகளா?"

கண்ணாடி அறைக்குள் கூட்டிப்போய் நாற்காலியில் உட்காரவைத்தார். தினசரிக் காலண்டரில் கிழித்த ஐந்து தாள்களைக் கிளிப் போட்டு நீட்டினார். பின்பக்கத்தில் ஆளுக்கொரு ஊரும் போன் நம்பரும் எழுதியிருந்தார். பெயர் அவருக்கு நினைவில் நிற்காதாம். "இவுகளுக்கெல்லாம் வேலை இல்லைன்னு சொல்லிறணும். எனக்கு அது வாயில வராது. நீங்க பதமாப் பேசுறீக." திருப்பத்தூரில் அவசர வேலை என்று காரில் ஏறிப் போயே போய்விட்டார்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. ஆபீஸ் நாற்காலி, ஆபீஸ் போன்! வேலை கொடுக்காத ஆளிடமா இதையெல்லாம் ஒப்படைப்பார்? மனைவிக்கு "வேலைல சேந்துட்டேன்" என்று மெசேஜ் தட்டிவிட்டுத்தான் முதல் தாளை எடுத்தேன்.

முதல் ஆள் வேறு இடத்தில் சேர்ந்து ஒரு வாரம் ஆகியிருந்தது. இரண்டாவது வீட்டில் அப்பா எடுத்து, "நீங்க யாரு பேசுறீக?" என்றார். "ஆபீஸ்லேருந்து" என்றேன், குரலைக் கொஞ்சம் கனக்கவைத்து. மூன்றாவது ஒரு பெண். "என்ன குறைன்னு சொல்லுங்க சார், சரி பண்ணிக்கிறேன்." எனக்கென்ன தெரியும்? "அனுபவம் பத்தலைம்மா" என்று அளந்துவிட்டேன். "அது எங்குட்டு சார் கிடைக்கிது?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டாள். அன்றைக்குச் சிரித்தேன். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. நான்காவது ஆளுக்கு, யாரும் கேட்காமலே, அரைமணி நேரம் தைரியம் வேறு சொன்னேன்.

ஐந்தாம் தாளில் மானகிரி என்றிருந்தது. நம்ம ஊர்க்காரன் எவனோ, பாவம், என்று நினைத்துக்கொண்டே எண்களை அழுத்தினேன். பாதியில் விரல் நின்றது. மீதியையும் அழுத்தினேன். என் சட்டைப் பையில் மணி அடித்தது.

எடுக்கவில்லை. எடுத்து யாரிடம் என்ன பேசுவது? அது அடித்து ஓய்ந்ததும் பார்த்தால், மனைவியின் பதில் வந்திருந்தது: "அப்பாட்ட சொல்லிட்டேன். அழுதுட்டாரு."

சற்று நேரத்தில் ஆபீஸ் போன் அடித்தது. முதலாளிதான். "எல்லாருக்கும் சொல்லியாச்சா தம்பி?"

"ஆச்சுய்யா. அஞ்சு பேருக்கும்."

அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "அந்த அஞ்சாவது ஆளு... கோவப்பட்டாரா?"

"கோவமாத்தான்யா இருக்காரு."

"இருக்கத்தான செய்யும்" என்றார், உண்மையான வருத்தத்தோடு. "என் மச்சினன் மகனைப் போடும்படியா ஆகிப்போச்சு. அந்த அஞ்சாவது ஆளுக்கு மெஸ்ஸுல சாப்பாடு சொல்லியிருக்கேன், வெயில்ல வெறும் வயித்தோட போகவேணாம். அப்புறம்... மச்சினன் மகனுக்குத் தொழில் தெரியாது. ஒரு பத்து நாள் வந்து சொல்லிக்குடுப்பாரான்னு கேட்டுப் பாருங்களேன்."

முடியாது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

"நாளைக்கு எத்தனை மணிக்கு வரணும்னு கேக்குறாருய்யா" என்றேன்.