ஆனந்தவல்லியின் மத்தியானம்

கூடத்தில் நாடாக்கட்டிலை விரிக்கும் சத்தம் கேட்டது. கட்டிலின் கால்கள் தரையில் இடிபட்டன. அது ஒருமுறை முனகி அடங்கியது. படுக்கையறையில் ஈரத்தலையைத் துவட்டிக்கொண்டிருந்த ஆனந்தவல்லி துண்டைக் கீழே வைத்தாள். மார்க்கெட்டிலிருந்து திரும்பி, சாப்பிட்ட கையோடு, தர்மராஜ் இன்றைக்கும் அங்கேயேதான் படுக்கப்போகிறார்.

'இங்க கொஞ்சம் வாங்களேன்' என்று கூப்பிட வாயெடுத்தாள். கூப்பிடாமலே மறுபடி துண்டை எடுத்துக்கொண்டாள். கட்டிய புருஷனைக் கூப்பிட ஒரு பெண்ணுக்கு இத்தனை தயக்கமா என்று கேட்கலாம். நாலு வருஷம் கூப்பிடாமல் இருந்து பாருங்கள், தெரியும்.

ஜீயபுரத்தில் பிறந்து ஸ்ரீரங்கத்துக்கு வாழ்க்கைப்பட்டவள் ஆனந்தவல்லி. சின்னக்கடை வீதியில் ஒரு ஜவுளிக்கடையில் புடவைப் பிரிவில் நின்றாள். ஒரே உதறலில் புடவையை விரித்துத் தன் தோளிலேயே போட்டுக் காட்டுவாள். பார்த்தவர்கள் வாங்காமல் போனதில்லை. வாழை இலை வியாபாரி தர்மராஜ், "இலை விக்க உன்னைக் கூட்டிட்டுப் போயிருந்தா நான் எப்பவோ மாடி கட்டியிருப்பேன்" என்று கேலி செய்வார். மகள் சுபஸ்ரீ ப்ளஸ் டூ படித்த வருஷம் ஆனந்தவல்லியின் விரல் கணுக்கள் வீங்கின. முடக்குவாதம் என்றார்கள். உடம்பே தன் மூட்டுகளை எதிரியாக நினைத்துத் தாக்குகிற வியாதியாம்.

காலையில் எழுந்தால் விரல் மடங்காது. சீப்பு பிடிக்க முடியாது. வீடு திரும்பியதும் அவளுக்குத் தலை வாரிவிடுவதும் ரவிக்கைக்குக் கொக்கி மாட்டுவதும் தர்மராஜ்தான். கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொண்டார். ஆனால் கொக்கி மாட்டிய கை அதற்கு மேல் ஒரு நொடி அங்கே தங்காது. ஆஸ்பத்திரி ஆயாவின் கைகூட அப்படி அவசரப்படாது.

எல்லாம் ஓர் அலறலில் ஆரம்பித்தது. வியாதி உச்சத்தில் இருந்த சமயம், ஒரு ராத்திரி தூக்கக் கலக்கத்தில் அவர் அவளை ஆசையாக இழுத்து அணைத்தார். தோள்மூட்டில் நெருப்பை வைத்தது போலிருந்தது. பக்கத்து வீட்டில் விளக்கு எரியும் அளவுக்கு அலறிவிட்டாள். மறுநாள் நாடாக்கட்டில் வந்தது. "விடியறதுக்கு முந்தியே மார்க்கெட்டுக்குக் கிளம்பறேன். உன் தூக்கம் கெடுதுல்ல" என்றார் தர்மராஜ். கல்யாணமான நாளிலிருந்து விடிவதற்கு முந்திதான் கிளம்புகிறார். இத்தனை நாள் கெடாத தூக்கமா?

கோணிப்போன விரல்களையும் மாத்திரையால் உப்பிய முகத்தையும் கண்ணாடியில் பார்த்து, 'யாருக்குத்தான் பிடிக்கும்' என்று அவளே தீர்ப்பு எழுதிக்கொண்டாள். தலையணைக்கு மட்டும் தெரிந்த தீர்ப்பு. புது மருந்தில் வலி அடங்கி, கணவரின் இலை ஆர்டர்களை போனில் எடுக்கிற அளவுக்குத் தேறிய பிறகும் கட்டில் கூடத்தைவிட்டு நகரவில்லை.

போன வாரம் ஆஸ்பத்திரியில் நர்ஸ் ரோசரிதான் கேட்டாள். "வீட்ல ரெண்டு பேரும் எப்படி இருக்கீங்கக்கா?"

"நல்லா பாத்துக்கறாரு."

"பாத்துக்கறதைக் கேக்கலை. சேந்து இருக்கீங்களா?"

ஆனந்தவல்லி சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தாள்.

"வெக்கப்படாதீங்க. இங்க வர்ற நிறைய பேருக்கு இந்தக் கஷ்டம்தான். யாரும் வாயைத் தொறக்கறதில்லை. ராத்திரிதான்னு யாருக்கா சட்டம் போட்டா? மத்தியானம் உங்களுக்கு மூட்டு தளர்ந்திருக்கும். வெந்நீர்ல குளிங்க. எங்க வலிக்கும், எங்க வலிக்காதுன்னு அவர்கிட்ட சொல்லுங்க. சொல்லாட்டி அந்த மனுஷனுக்கு எப்படித் தெரியும்?"

அந்த வெந்நீர்க் குளியல்தான் இன்றைக்கு முடிந்திருந்தது. ஆனந்தவல்லி மூச்சை இழுத்துக்கொண்டாள்.

"ஏங்க..."

அடித்துப் பிடித்து ஓடிவந்தார் தர்மராஜ். "என்னாச்சு? வலிக்குதா?"

"வலிக்கலை. இப்படி உக்காருங்க."

பஸ்ஸில் பெண்கள் சீட்டில் உட்காருகிறவர் மாதிரி, கட்டிலின் ஓரத்தில் பட்டும் படாமலும் உட்கார்ந்தார். அவள் கையை நீட்டினாள். அவர் அந்தக் கையையே பார்த்தார். தொடவில்லை.

அந்த நேரம் பார்த்து வாசல் மணி அடித்தது.

லால்குடியிலிருந்து அவருடைய அக்கா வீராயி வந்திருந்தாள். கையில் மூலிகைத் தைலம். வந்தவள் கண்ணில் முதலில் பட்டது கூடத்து நாடாக்கட்டில்தான்.

"ஏன்டா, இங்கயா படுத்துக் கெடக்கிற?"

"மார்க்கெட் போகணும்லக்கா, அதான்."

"எனக்குக் காது குத்தாதே." வீராயி நாற்காலியில் சாய்ந்தாள். "ஆனந்தி, நான் ஒரு முடிவோட வந்திருக்கேன். துணிமணிய எடுத்துக்க. என்னோட லால்குடிக்கு வா. நான் தைலம் தேய்ச்சு, பத்தியம் வெச்சுப் பாத்துக்கறேன். புள்ளையும் ஹாஸ்டல்ல இருக்கு. இவனும் சமையலும் வியாபாரமும்னு எத்தனை நாளைக்கு அல்லாடுவான்? கொஞ்ச காலம் நிம்மதியா இருக்கட்டும்."

வீராயி மனசில் கள்ளமில்லை. அதுதான் சங்கடம். ஆனந்தவல்லி கணவரின் முகத்தைப் பார்த்தாள். 'வேண்டாம்னு சொல்லுங்க, ஒரே ஒரு வார்த்தை சொல்லுங்க' என்று அவள் நெஞ்சு அடித்துக்கொண்டது.

தர்மராஜ் தலையைக் குனிந்துகொண்டார். "அங்க வந்தா அவளுக்கு வலி கொறையும்னா... அவ இஷ்டம்க்கா."

ஆனந்தவல்லிக்கு இப்போது வாயைத் திறக்காவிட்டால் இந்த ஜன்மத்தில் இல்லை என்று தோன்றியது.

"நான் வரலை அண்ணி. நான் எங்க போனாலும் வலி என் கூடவே வரும். இவரு வரமாட்டாரே." கணவர் பக்கம் திரும்பினாள். "நான் கத்தினது அன்னிக்கு ஒரு நாள். தோள்பட்டைல கை பட்டுது, அவ்வளவுதான். உடம்பு மொத்தமுமா வலிச்சுது? என் விரலைப் பாத்தா உங்களுக்கு அருவருப்பா இருக்குன்னா சொல்லிடுங்க. இப்பவே லால்குடிக்குக் கிளம்பறேன்."

"அருவருப்பா?" தர்மராஜ் எழுந்தேவிட்டார். "அடி பைத்தியமே! நீ அலறினப்ப என் உசுரே போயிடுச்சு. இந்தக் கையால உன்னை நோகடிச்சுட்டேனேன்னு... அதுக்கப்புறம் உன்னைத் தொடவே பயம். கொக்கி மாட்டறப்பகூட மூச்சைப் புடிச்சுக்கிட்டுத்தான் மாட்டுவேன். தெரியுமா உனக்கு?"

"நீங்க சொன்னாத்தானே தெரியும்?"

"நீ கூப்பிட்டியா?"

"இன்னிக்குக் கூப்பிட்டேன்ல?"

தர்மராஜின் கண்கள் பொங்கிவிட்டன. இந்த முறை அவரே அவள் கையை எடுத்தார். காயம்படாமல் இலைக்கட்டைப் பிரித்துப் பழகிய விரல்கள் ஒவ்வொரு கணுவாகத் தொட்டன. "இங்க வலிக்குதா?"

"இல்லை. இன்னும் கொஞ்சம் அழுத்தினாலும் தாங்கும்."

"நான் ஒருத்தி இங்க உக்காந்திருக்கேன், ஞாபகம் இருக்கா?" என்றாள் வீராயி.

இருவரும் திடுக்கிட்டுத் திரும்பினார்கள். ஆனந்தவல்லிக்குக் காது வரை சூடேறியது. அழுகையும் சிரிப்புமாகப் புடவைத் தலைப்பில் முகத்தை மறைத்துக்கொண்டாள். வீராயி பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்தாள்.

"இருங்க அண்ணி, சாப்பிடக்கூட இல்லையே!"

"பஸ்ஸுக்கு நேரமாச்சு."

"சாயங்கால பஸ்ஸுக்குத்தானேக்கா எப்பவும் போவே?" என்றார் தர்மராஜ் வெகுளியாக.

"போடா மக்கு!" தைலப் பாட்டிலை அவர் கையில் திணித்தாள் வீராயி. "இதை நீயே தேய்ச்சு விடு. மெதுவா தேய். எங்க தேய்க்கணும்னு அவளைக் கேட்டுக்க."

வாசல் வரை மூவரும் சிரித்துக்கொண்டே வந்தார்கள். படியிறங்கிய வீராயி தெருவிலிருந்து திரும்பிப் பார்த்தாள். மத்தியான வெயிலில் தெருவில் ஆள் நடமாட்டமில்லை.

"என்ன பராக்குப் பாத்துக்கிட்டு நிக்கிற? கதவைச் சாத்துடா!"

தர்மராஜ் கதவைச் சாத்தித் தாழ் போட்டார்.