மோசமில்லை

மினசோட்டாவில் வெர்லின் வாழ்ந்த வட்டாரத்தில், எப்படி இருக்கிறாய் என்று யார் கேட்டாலும் பதில் ஒன்றுதான்: "மோசமில்ல." கால் ஒடிந்தவனும் அதைத்தான் சொல்வான். வெர்லினின் மனைவி ஆர்லிஸ் அதைப் பதினோரு வருடம் சொன்னாள்.

மகள் ரெனே பிறந்தபோது ஆர்லிஸுக்கு ரத்தம் ஏராளமாகப் போனது. பிறகு பாலே சுரக்கவில்லை. கோடை முழுக்க வயலில் நின்றும் முகம் வெளுத்தே கிடந்தது. மத்தியானமே படுத்துவிடுவாள்.

"உன் வீட்டுக்காரிக்குக் கட்டில்ல பசை தடவி வச்சிருக்கியா?" என்று பண்ணைக்கு வரும் பால் லாரிக்காரன் டுவேன் கேட்டான். வெர்லினும் சிரித்தான்.

தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் காபி ஊற்றிக்கொண்டிருந்த ஆர்லிஸ் பதினோராவது வருடம் மயங்கி விழுந்த பிறகுதான் ஒரு மருத்துவர் வேறு கேள்வி கேட்டார்: "பிள்ளை பெத்தப்புறம் பால் வந்துச்சா?"

பிரசவத்தன்று ரத்தம் போனதில், மூளைக்கு அடியில் பட்டாணி அளவில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி பட்டுப்போயிருந்தது. அட்ரினல் சுரப்பியில் பழுதில்லை. நோயைத் தாங்க உடம்புக்கு வேண்டிய கார்ட்டிசாலைச் சுரக்கச் சொல்லும் கட்டளைதான் மேலிருந்து வரவில்லை.

"காய்ச்சல்னா நம்ம உடம்பு தானா கார்ட்டிசாலைக் கூட்டிக்கும். இவங்க உடம்புக்கு அது முடியாது. தினம் போடற மாத்திரையை இரட்டிக்கணும். வாந்தியில மாத்திரை தங்கலைன்னா உடனே ஊசி, இல்லைன்னா உயிருக்கே ஆபத்து. அவங்களைக் கேட்டுட்டு நிக்காதீங்க," என்றார் மருத்துவர் வெர்லினிடம்.

"மாட்டுக்குப் போட்ட கைதான்," என்றான் வெர்லின்.

"மாடு ஒரு தடவைதான் உதைக்கும்," என்றாள் ஆர்லிஸ்.

மூன்று குளிர்காலம் நன்றாகப் போனது. மகளோடு உறைந்த ஏரியில் உட்கார்ந்து மீன் பிடித்தாள்.

நான்காவது ஜனவரியில் அவளுக்கு வாந்தியும் காய்ச்சலும் வந்தன. விடிகாலை கறவைக்குக் கிளம்பிய வெர்லின் படுக்கையறை வாசலில் நின்றான்.

"வாந்தி எடுத்த சத்தம் கேட்டுதே. எப்படி இருக்கே?"

"மோசமில்ல. மாடெல்லாம் கத்துது, போ."

"ஊசி போட்டுடவா?"

"மாத்திரை போட்டிருக்கேன்ப்பா."

அது வெளியே வந்துவிட்டதை அவள் சொல்லவில்லை. ஒருவர் தன்னைப் பற்றிச் சொல்வதை நம்புவதுதான் மரியாதை என்று வளர்ந்தவன் அவன். நம்பினான். அதை அன்பு என்றும் சொல்லலாம். எனினும் மருத்துவர் செய்யச் சொன்னது அதை அல்ல.

கறவை முடிந்து வந்தபோது அவள் குளியலறைத் தரையில் கிடந்தாள். ஊசியைத் தொடையில் போட்டான். ஆம்புலன்ஸ் வந்து பயனில்லாமல் போனது.

அடக்கம் முடிந்து அதே கீழ்த்தளத்தில் எல்லாருக்கும் காபி. டுவேன் கெண்டியோடு வந்தான்.

"எப்படி இருக்கே, வெர்லின்?"

"மோசமா இருக்கேன்."

டுவேன் ஏற்கெனவே நிறைந்திருந்த கோப்பையில் இன்னும் கொஞ்சம் ஊற்றினான்.