ரஹீமின் மெடலைக் கழற்றிய கை

சென்ற வாரம் ஒரு காரியம் செய்துவிட்டேன். நினைத்தால் உடம்பு கூசுகிறது. எழுதாமல் விட்டுவிடலாம் என்று இரண்டு நாள் பார்த்தேன். முடியவில்லை... கேளுங்கள்.

1918-இல் பெரிய சண்டை நின்ற நாளை நம் கண்டோன்மென்டில் வருஷா வருஷம் அனுஷ்டிக்கிறார்கள் அல்லவா? சண்டைக்குப் போய் வந்தவர்கள் மெடல் குத்திக்கொண்டு வரிசையாக நிற்பார்கள். அந்த வருஷத்தில் காலமான பழைய சிப்பாய்களின் பெயர்களை ஒருவர் உரக்கப் படிப்பார். பதினொரு மணிக்கு இரண்டு நிமிஷம் மௌனம். பிறகு ஒரு துரையின் பிரசங்கம். பிறகு டீ, பிஸ்கட்.

இந்த வருஷம் ரிசப்ஷன் கமிட்டியில் என்னையும் போட்டிருந்தார்கள். ஏன் என்கிறீர்களா? எனக்கு இங்கிலீஷ் வரும், கையெழுத்து அழகு, ஆபீசில் ஹெட் கிளார்க். இதைவிட வேறென்ன தகுதி வேண்டும்? வாசலில் மேஜை போட்டு உட்கார்ந்து, வருகிறவர்களின் பெயரை லிஸ்டில் டிக் அடித்து உள்ளே அனுப்ப வேண்டியது. காலமானவர்களின் லிஸ்டும் என்னிடம்தான் இருந்தது.

எனக்கு ஒரு துர்க்குணம் உண்டு. தப்புக் கண்டுபிடிப்பதில் அப்படி ஓர் ஆனந்தம்! கல்யாணப் பத்திரிகை வந்தால் மாப்பிள்ளை யார் என்று பார்க்க மாட்டேன். அச்சுப்பிழை எங்கே என்று பார்ப்பேன்.

பத்தரை மணிக்கு மாணிக்கம் வந்தார். பிளாக்பள்ளி மார்க்கெட் ஸ்டாண்டில் ஜட்கா வண்டி ஓட்டுகிறவர். சண்டையில் கோவேறு கழுதை ஓட்டியாக பஸ்ரா வரை போனவர் என்று லிஸ்டில் இருந்தது. தோய்த்து மடித்த காக்கிச் சட்டை. நெஞ்சில் ஒரே ஒரு மெடல்.

"ஐயா, செத்தவங்க லிஸ்ட்ல ஒரு பேர் சேக்கணுங்க" என்றார்.

"முதல்லே உன் பேரைச் சொல்லு."

"மாணிக்கமுங்க. சேக்க வேண்டிய பேரு..."

"இரு, இரு. அதென்ன, மெடலைக் கோணலா குத்தியிருக்கே?"

சரிசெய்யத்தான் எழுந்தேன். சத்தியமாக அதற்குத்தான். ஆனால் கண் சும்மா இருக்குமா? மெடலின் விளிம்பில் நம்பரும் பெயரும் பொடி எழுத்தில் வெட்டியிருப்பார்கள். மூக்குக் கண்ணாடியை இறக்கிப் படித்தேன். மாணிக்கம் இல்லை. அப்துல் ரஹீம்!

கல்யாணப் பத்திரிகையில் மாப்பிள்ளை பெயரே தப்பாக அச்சடித்திருந்தால் எனக்கு எப்படி இருக்கும்? அப்படி இருந்தது.

"இது யார் மெடல்?"

"அது வந்துங்க... ரஹீம் மெடல். அவன் பேரைத்தான்..."

"அடுத்தவன் மெடலை மாட்டிக்கிட்டு வர்றியே, வெக்கமா இல்லே? உன் மெடல் எங்கே? வித்துத் தின்னுட்டியா?"

என் குரல் எப்போதும் கொஞ்சம் பெரியது. அன்று இன்னும் பெரிதாகிவிட்டது. வரிசையில் நின்ற அத்தனை பேரும் திரும்பினார்கள். அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். நான் விட்டால்தானே? ஊசியைத் தளர்த்தி, மெடலை அவர் சட்டையிலிருந்து நானே கழற்றினேன். சொந்தக்காரன் வீட்டில் ஒப்படைக்கிறேன் என்று அறிவித்து, லிஸ்டில் மாணிக்கத்தின் பெயரை அடித்தேன்.

அவர் சண்டை போடவில்லை. மெடல் இருந்த இடத்தில் கையை வைத்துக்கொண்டு வாசல் பக்கம் திரும்பினார். பிறகு போய்விட்டார்.

பக்கத்திலிருந்த கமிட்டி அங்கத்தினர் ஒருவர் என் முதுகில் தட்டிக்கொடுத்தார். நானும் கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டேன்.

சரி, இந்தப் பரிசோதனை செய்த மகாவீரர் சண்டைக் காலத்தில் எங்கே இருந்தார்? கேட்க வேண்டிய கேள்விதான். பட்டாளத்துக்கு ஆள் எடுத்தபோது எனக்கு இருபது வயது. தெருவில் என் வயதுப் பையன்கள் பெயர் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். நான் வயிற்றுவலி என்று சொல்லிக்கொண்டு ஆனேக்கல்லில் அத்தை வீட்டில் மூன்று மாதம் படுத்திருந்தேன். வலி ஒரு நாள்கூட வரவில்லை. அத்தை போட்ட தோசை அத்தனையும் ஜீரணமாயிற்று.

அன்று துரை பிரசங்கம் செய்தார். சண்டையில் கைகோத்த தேசங்களின் நேசம் என்றென்றும் அழியாதது என்றார். கைதட்டினோம். அன்றைக்கு நம் பக்கம் நின்ற தேசங்களில் சில இன்றைக்கு எப்படி முறைத்துக்கொண்டு நிற்கின்றன என்று பேப்பர் படிக்கிறவர்களுக்குத் தெரியும். ஆனாலும் தட்டினோம். பிஸ்கட் வரவேண்டுமே!

மறுநாள் காலை, கமிட்டியின் பழைய லிஸ்டில் இருந்த விலாசத்தை வைத்து ரஹீமின் வீட்டைத் தேடிக்கொண்டு பிளாக்பள்ளிக்குப் போனேன். மசூதிக்குப் பின்னால் ஒரு சந்து. வீட்டு வாசலில் கோணித் திரை. குரல் கொடுத்தேன். அவர் ரம்ஜானுக்கு முன்பே காலமாகிவிட்டார் என்று திரைக்குப் பின்னாலிருந்து அவர் மனைவியின் குரல் சொன்னது.

எனக்கு இன்னும் உற்சாகம். செத்தவன் மெடலை ஒருவன் அபகரித்தான், விதவையிடம் மீட்டுக் கொடுக்கிறோம்... பேப்பரில் நான் எழுதுகிற இந்தப் பத்திக்கே விஷயம் ஆகுமே!

"உங்க வீட்டுக்காரர் மெடல், அம்மா" என்று நீட்டினேன். திரைக்கு வெளியே ஒரு கை வந்து வாங்கிக்கொண்டது.

அடுத்த நிமிஷம் உள்ளே ஓர் அலறல்.

"யா அல்லா! மாணிக்கம் பாயும் போயிட்டாரா? எப்ப சாப்? என்னா ஆச்சு?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவர் நன்றாக இருக்கிறார், நேற்றுக்கூடப் பார்த்தேன் என்றேன். அழுகை நிற்கவில்லை. மூன்று தடவை சொன்ன பிறகுதான் நின்றது.

"பொய் சொல்லாதீங்க சாப். எங்க வீட்டுக்காரரு மௌத் ஆன அன்னிக்கு மாணிக்கம் பாய், இந்த மெடலு என் உசிரு இருக்கற வரைக்கும் என்னை விட்டுப் போகாது அண்ணின்னு சொன்னாரு. உயிரோட இருந்தா இது எப்படி உங்க கைக்கு வந்துச்சு?"

அவர் சட்டையிலிருந்து நான்தான் கழற்றினேன் என்று ஒப்புக்கொண்டேன்.

திரைக்குப் பின்னாலிருந்து அந்த அம்மாள் சொன்னதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். அந்நிய தேசத்து ஆற்றுச் சேற்றில் கழுதையோடு மாணிக்கம் கழுத்துவரை புதைந்தபோது, கயிற்றை விடாமல் பிடித்து இழுத்தவர் ரஹீம். அடுத்த மாதம் காலராவில் கிடந்த ரஹீமைத் தோளில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக் கூடாரத்துக்கு நடந்தவர் மாணிக்கம். ஊர் வந்த பிறகு தபாலில் இரண்டு மெடல்கள் வந்தன. பிரித்த அன்றைக்கே மாற்றிக்கொண்டார்கள். உன் உயிரால் வந்தது எனக்கு, என் உயிரால் வந்தது உனக்கு. அவ்வளவுதான் கணக்கு. அன்றிலிருந்து வருஷா வருஷம் இவர் மெடலை அவரும், அவர் மெடலை இவருமாகக் குத்திக்கொண்டு சேர்ந்து போய் நின்றிருக்கிறார்கள். விளிம்பைப் படித்துப் பார்க்க ஒருவனுக்கும் இதுவரை தோன்றவில்லை. அவர்களெல்லாம் மனுஷர்கள்.

கை மறுபடி வெளியே வந்தது. இப்போது அதில் இரண்டு மெடல்கள். ஒன்று நான் கொடுத்தது. இன்னொன்றின் விளிம்பில் மாணிக்கம் என்று இருந்தது.

"பாத்தீங்களா சாப்? இது இங்கயே இருக்கட்டும். அதை எங்கே எடுத்தீங்களோ அங்கேயே குத்திட்டு வாங்க."

குத்திவிட்டு வர வேண்டும். மெடலைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு மார்க்கெட் பக்கம் நடந்தேன்.

ஸ்டாண்டில் மாணிக்கம் குதிரைக்குப் புல் உதறிப் போட்டுக்கொண்டிருந்தார். முந்தின நாள் 'நீ' என்று கூப்பிட்ட அதே வாயால், "மாணிக்கம், என்னை மன்னிச்சிடுங்க" என்றேன். காலில் விழத் தோன்றியது. நாலு பேர் பார்க்கிறார்களே என்று விழவில்லை. அவமானப்படுத்தும்போது நூறு பேர் பார்க்கலாம், மன்னிப்புக் கேட்கும்போது நாலு பேர் பார்க்கக் கூடாதாம். என்ன ஜன்மம் இது!

அவர் திட்டியிருந்தால் எனக்குத் தேவலை. மெடலை வாங்கி, வேட்டி நுனியால் துடைத்து, தானே குத்திக்கொண்டார். பிறகு ஒன்றே ஒன்று கேட்டார்.

"ரஹீம் பேரைப் படிச்சீங்களா ஐயா? அதைச் சொல்லத்தான் நேத்து ஓடியாந்தேன். அவன் பேரை மைதானத்துல ஒரு தபா சொல்லக் கேக்கணும்னு இருந்தேன். கேக்க முடியாட்டியும் பரவால்ல... படிச்சீங்களா?"

படிக்கவில்லை. எங்கே படிப்பது? சேர்க்க வேண்டிய பெயர் என்று அவர் மூன்று தடவை ஆரம்பித்தார்; மூன்று தடவையும் நான் வாயை அடைத்தேன். லிஸ்டில் ஒன்பது பெயர்கள் இருந்தன. ஒன்பதும் பிழையில்லாமல் படிக்கப்பட்டன. ரஹீம் அதில் இல்லை.

அவர் முகத்தைப் பார்த்தேன்.

"படிச்சோம். நல்லா சத்தமா படிச்சோம்" என்றேன்.

கண்ணை மூடித் தலையை ஆட்டினார். "போதுமுங்க" என்றார். என் கையைப் பிடித்துக்கொண்டு நன்றி வேறு சொன்னார்.

மாணிக்கத்துக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அந்தத் தைரியத்தில்தான் இதையெல்லாம் இங்கே கொட்டியிருக்கிறேன். அவர் ஜட்காவில் ஏறுகிற வாசகர் யாராவது இருந்தால் தயவுசெய்து இதை அவருக்குப் படித்துக் காட்டுங்கள் — நேரில் போய்ச் சொல்ல எனக்கு மறுபடியும் வயிற்றுவலி.