குரல்காரரின் முகம்

சனிக்கிழமைகளில் தமிழ்ப் பள்ளி முடிந்து வீட்டுக்கு வந்ததும் நானும் தங்கையும் ஒரு ஜப்பானிய நிகழ்ச்சி பார்ப்போம். ஜெர்மனியின் கெல்சென்கிர்ச்சனில் வளர்ந்த யாழ்ப்பாணத்துப் பிள்ளைகளுக்கு ஜப்பானில் என்ன வேலை என்று கேட்காதவர்கள் இல்லை. ஐந்து ஆண்கள் சேர்ந்த பாட்டுக் குழு ஒன்று, அங்குள்ள தொலைக்காட்சியில் வாராவாரம் நடத்திய நிகழ்ச்சி அது. அதில் பாட்டுக் கொஞ்சம்தான். மீதி நேரம் சமைப்பார்கள், போட்டி வைத்துத் தோற்பார்கள், ஒருவரையொருவர் குளத்துக்குள் தள்ளிவிடுவார்கள். கடைசியில் ஐந்து பேரும் ஒரு நீள வாங்குப் பலகையில் இருந்து தேநீர் குடிப்பார்கள். அன்றைக்கு அதிகமாகச் சொதப்பியவன்தான் கோப்பைகளைக் கழுவ வேண்டும்.

எங்களுக்கு ஜப்பானிய மொழியில் ஒரு சொல்லும் தெரியாது. யாரோ புண்ணியவான்கள் ஜெர்மன் சப்டைட்டில் போட்டு இணையத்தில் ஏற்றினார்கள். அப்பாவுக்கு அதை ஓடி வாசிக்க ஏலாது. ஆனாலும் வேலை உடுப்போடு வந்து சோபாவில் சரிந்துவிடுவார். அவருக்காக நாங்கள் தமிழில் குரல் கொடுத்தோம். நான் நான்கு பேருக்கு, தங்கை ஒருவருக்கும் குரல்காரருக்கும்.

குரல்காரர் என்பது அப்பா வைத்த பெயர். நிகழ்ச்சியின் தயாரிப்பாளர் கமராவுக்குப் பின்னால் நின்று, "அடுத்தது", "திரும்பச் செய்", "நேரம் போகுது" என்று கத்திக்கொண்டே இருப்பார். குரல் மட்டும்தான் கேட்கும், ஆளைக் காட்ட மாட்டார்கள். அந்த ஐவரும் அந்தக் குரலுக்குப் பயந்து ஓடுவதைப் பார்த்து அப்பா வயிறு குலுங்கச் சிரிப்பார். தங்கை அந்தக் குரலை அப்பாவின் தொனியிலேயே பேசுவாள். அவருக்கு அது விளங்கவே இல்லை.

"உந்தாள் எப்பிடி இருப்பான் பிள்ளையள்?" என்று வாராவாரம் கேட்பார். "கட்டாயம் மீசை இருக்கும். மீசை இல்லாதவனுக்கு உப்பிடிக் கத்த வராது." நான் கட்டை ஆள் என்பேன். தங்கை நெடுவல் என்பாள். "காட்டினவுடன என்னட்டச் சொல்லுங்கோ, என்ன" என்று சொல்லிவிட்டு இரவு வேலைக்கு எழும்பிப் போவார்.

தங்கை கலியாணம் கட்டி பிராங்பேர்ட்டுக்குப் போனாள். விமான நிலையத்தில் பயணிகளின் பெட்டிகளை எடை பார்த்து அனுப்பும் மேசையில் வேலை. நான் அப்பா அம்மாவோடு இருந்தேன், மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிறவளாக. சனிக்கிழமையை நாங்கள் விடவில்லை. கைப்பேசியை ஒலிபெருக்கியில் போட்டு, ஒன்று இரண்டு மூன்று சொல்லி, இரண்டு வீட்டிலும் ஒரே நேரத்தில் தொடங்குவோம். குரல்காரர் பிராங்பேர்ட்டில் இருந்து கத்துவார். அப்பா எனக்குப் பக்கத்தில் இருந்து சிரிப்பார்.

ஒரு நாள் அந்த ஐவரும் பிரியப் போகிறார்கள் என்ற செய்தி வந்தது. முகவர் நிறுவனம் நான்கு வரியில் ஓர் அறிக்கை விட்டிருந்தது. ஆண்டு முடிவோடு குழுவும் இல்லை, நிகழ்ச்சியும் இல்லை. முடிவு எப்போதோ எடுத்தாகிவிட்டது, தொலைக்காட்சிக்காரருக்கும் முதலே தெரியும் என்பது பிறகு மெல்ல மெல்ல வந்தது. இரண்டு வாரத்து நிகழ்ச்சியை ஒரே நாளில் பதிவு செய்துவிடுவார்களாம். அறிக்கை வந்த அடுத்த சனிக்கிழமையும் ஐந்து பேரும் ஒருவரையொருவர் குளத்துக்குள் தள்ளிவிட்டுச் சிரித்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பழைய நிகழ்ச்சிகளை எடுத்துத் திரும்பத் திரும்பப் பார்த்தேன், எந்தச் சிரிப்பில் இருந்து பொய் தொடங்கியது என்று பிடிக்க. பிடிக்க முடியவில்லை. அவ்வளவு நன்றாகச் சிரித்திருந்தார்கள்.

"எங்களை விசராக்கிப்போட்டாங்கள்" என்றேன் தங்கையிடம்.

"இல்லையக்கா, அவை தங்கட வேலையைச் செய்யினம். நானும் முழு நாளும் சிரிச்சுக்கொண்டுதானே நிக்கிறன்" என்றாள்.

அப்பாவுக்கு அப்போதே உடம்பு சரியில்லை. அவர் இந்தச் சண்டையில் கலந்துகொள்ளவில்லை. "அப்ப கடைசியில எண்டாலும் அந்தாளைக் காட்டுவாங்கள்" என்று மட்டும் சொன்னார். ஆஸ்பத்திரியிலும் அதைத்தான் கேட்டார். மூக்கில் குழாயோடு, "இன்னும் காட்டேல்லையோ?" என்றார். "காட்டினவுடன வந்து சொல்லுறன் அப்பா" என்று அவர் கையைப் பிடித்துச் சொன்னேன். கடைசி நிகழ்ச்சிக்கு ஒரு கிழமை இருக்கும்போது அவர் போய்விட்டார்.

சைவ வீடுகளில் சாவுத் தீட்டான துடக்கு என்றால் முப்பத்தொரு நாள். கடைசி நாள் கிரியையான அந்தியேட்டி முடியும்வரை பாட்டு இல்லை, தொலைக்காட்சி இல்லை, கோயில் இல்லை. அம்மா தொலைக்காட்சியின் மேல் வெள்ளைத் துணி போட்டாள். கட்டிக்கொடுத்த பெண் புருஷன் வீட்டுக்காரி, அவளுக்கு மூன்று நாள் போதும் என்றார் ஐயர். என் தங்கை அதற்கு மறுப்பாகத் தலையாட்டினாள். பிராங்பேர்ட் ரயிலுக்கு ஏறும்போது என்னைக் கட்டிப்பிடித்து, அழுதபடி அவளேதான் சொன்னாள்: "நான் தனியப் பாக்கமாட்டன். உனக்கு முப்பத்தொண்டு முடியட்டும். ரெண்டு பேரும் பக்கத்தில இருந்து பாப்பம். பாத்திட்டு அப்பாட்டச் சொல்லுவம்." நான் கேட்கவில்லை, அவளாகத் தந்த வாக்கு.

முப்பத்தொன்று முடிந்தது. அந்தியேட்டிக்கு வந்தவள், பிள்ளைக்குக் காய்ச்சல் என்று அன்றைக்கே திரும்பிப் போனாள். பிறகு ரயில் வேலைநிறுத்தம், பிறகு அவளுக்கு ஷிப்ட் மாறியது. "பொறு அக்கா, சேந்துதானே பாக்கவேணும்" என்பாள். நானும் பொறுத்தேன். பொறுப்பதில் ஒரு சுகம்கூட இருந்தது. பார்க்காத அந்த ஒரு நிகழ்ச்சி இருக்கும்வரை அப்பாவோடு இன்னும் ஒரு கதை மிச்சம் இருப்பதாக எனக்குள் ஒரு பைத்தியக்காரக் கணக்கு. முடிவு கண்ணில் பட்டுவிடக் கூடாது என்று ரசிகர் குழுக்கள் எல்லாவற்றிலிருந்தும் விலகினேன். கடைக்கு ஒரு ஜெர்மன் பெட்டை வந்தாள். அந்த ஐவரின் படம் போட்ட சின்னம் அவள் பையில் குத்தியிருந்தது. கண் பார்க்கும்போது கடைசி நிகழ்ச்சியைப் பற்றிப் பேசத் தொடங்கினாள். நான் இன்னும் பார்க்கவில்லை என்றேன். உடனே இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். முன்பின் தெரியாத பிள்ளை, எவ்வளவு பண்பாக நடந்துகொண்டாள்.

அடுத்ததாகத் தங்கை வந்தது ஒரு வருடம் முடிந்து, அப்பாவின் ஆட்டைத் திவசத்துக்குத்தான். படையல் முடிந்து, வந்தவர்கள் சாப்பிட்டுக் கலைந்து, அம்மாவும் படுத்துவிட்டாள். மாலை போட்ட அப்பாவின் படம் தொலைக்காட்சிக்குப் பக்கத்து அலுமாரியில் இருந்தது. "இண்டைக்குப் பாப்பம்" என்றேன். அவள் கொஞ்சம் தயங்கின மாதிரி இருந்தது. சமைத்த களைப்பு என்று நினைத்துக்கொண்டேன்.

அப்பா சரிகிற சோபாவில் இரண்டு பேரும் இருந்தோம். பழையபடி நான் நான்கு பேருக்கும் அவள் இரண்டு பேருக்கும் குரல் கொடுத்தோம். அவள் சிரிக்க வேண்டிய இடத்தில் சிரித்தாள், "ஐயோ, பாரன் உவனை" என்றாள். ஒரு வருடத்துக்குப் பிறகு எனக்கு என் தங்கை திரும்பக் கிடைத்துவிட்டாள் என்று நெஞ்சு நிறைந்திருந்தது.

கடைசித் தேநீர் வந்தது. ஐந்து பேரும் வாங்கில் இருந்தார்கள். குழுத் தலைவன் ஐந்து கோப்பைகளில் ஊற்றினான். அந்த நேரம் தங்கை துடைக்கும் கடதாசிப் பெட்டியை எடுத்து என் மடியில் வைத்தாள். அவள் கண் திரையின் இடது ஓரத்துக்குப் போனது. அங்கே வெறும் சுவர்தான் இருந்தது. என் வேலையே மற்றவர்களின் கண் எங்கே போகிறது என்று பார்ப்பது. நான் திரையை விட்டு அவளைப் பார்த்தேன். அவள் இன்னும் அந்தச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகுதான் அந்த ஓரத்தில் இருந்து ஓர் ஆள் நடந்து வந்தார். மொட்டைத் தலை, மெலிந்த தோள், மீசை இல்லை. காதில் கருவியை மாட்டியபடியே, எங்கே நிற்பது என்று தெரியாமல் நின்றார். தலைவன் ஆறாவது கோப்பையை எடுத்து வைத்தான்.

"ஐயோ, குரல்காரர், அக்கா" என்று தங்கை கையை வாயில் வைத்தாள். கண்ணில் தண்ணீர்கூட வந்தது. நான் நிகழ்ச்சியை நிறுத்தினேன்.

"எப்ப பாத்தனி?"

"என்னக்கா?"

"எப்ப பாத்தனி எண்டு கேக்கிறன்."

அவள் கையைக் கீழே இறக்கினாள். "நிகழ்ச்சி வந்த அண்டைக்கே. அவர் போட்டவர். நிப்பாட்டச் சொல்லத்தான் நினைச்சனான், ஏலாமல் போச்சுது. எனக்கு அப்பவே துடக்குக் கழிஞ்சிட்டுதுதானே."

அப்பா செத்து ஒரு கிழமை. நான் தொலைக்காட்சிமேல் அம்மா போட்ட வெள்ளைத் துணியைப் பார்த்தபடி சுவரோரம் இருந்த நாள். பிராங்பேர்ட்டில் இவள் புருஷனோடு சோபாவில் இருந்திருக்கிறாள். போகட்டும், பார்த்ததைக்கூட மன்னிக்கலாம். அதற்குப் பிறகு வந்த அத்தனை "பொறு அக்கா"வையும் எனக்கு விழுங்க முடியவில்லை. இந்தப் பின்னேரம் என் தோளோடு தோள் சாய்ந்து சிரித்த சிரிப்பையும்தான்.

"நீ துக்கப்படுவாய் எண்டுதான் சொல்லேல்லை" என்றாள். "எத்தினை தரம் சொல்ல வெளிக்கிட்டனான் தெரியுமோ."

எழும்பி அப்பாவின் படத்துக்கு முன்னால் போய் நின்றேன். எனக்கென்று இன்னும் ஒன்று மிச்சம் இருந்தது. ஆஸ்பத்திரியில் அவர் கையைப் பிடித்துச் சொன்னது நான். மீசை இல்லையப்பா, மொட்டை என்று சொன்னால் போதும், அந்த வாக்காவது தீரும். வாயைத் திறந்தபோது ஒரு சந்தேகம் வந்தது. திரும்பிப் பார்த்தேன். அவள் தலையைக் குனிந்திருந்தாள்.

"அப்பாட்டச் சொல்லிட்டியோ?"

"ஓம்" என்றாள். "அந்தியேட்டிக்கு வந்தபோது. நீ குசினியில சமைச்சுக்கொண்டு நிண்டனி."

அப்பாவின் படம் எப்போதும்போலச் சிரித்துக்கொண்டிருந்தது. அவருக்கும் ஒரு வருடமாகத் தெரியும். இந்த வீட்டில் தெரியாமல் இருந்தவள் நான் ஒருத்திதான்.