நைனாவின் காதும் நான் மாட்டிய வயரும்

போன மாதம் வீட்டுக்கு வெள்ளையடித்தபோது நைனாவின் ஸ்டீரியோவைக் கழற்றி, திரும்ப மாட்டியது நான்தான். பாட்டு வந்தது. அதற்குமேல் நின்று கேட்க எனக்கு நேரமில்லை.

இன்று ஷிப்ட் முடிந்து, ஆரம்பாக்கம் பஸ்ஸில் நின்றுகொண்டே வந்து சேர்ந்தால், காது டாக்டரிடம் நைனாவை அழைத்துப் போகச் சொல்கிறாள் அம்மா.

"இன்னா நைனா, காது கேக்கலயா?"

"நீ பேசறது கேக்குது. பாட்டுல மேளம்தான் கேக்கல. முப்பது வருசம் மீன்புடி போட்டுல இன்ஜின் பக்கத்துல குந்திகினு இருந்தேன்ல, போயிருக்கும்னு உட்டுட்டேன்."

ஒரு மாதமாக அவர் பாட்டே போடவில்லையாம். அதுகூட எனக்குத் தெரியவில்லை.

நானே பாட்டைப் போட்டுப் பார்த்தேன். எனக்கும் மேளம் கேட்கவில்லை.

அணைத்துவிட்டு ஆம்ப்ளிபயரின் பின்னால் டார்ச் அடித்தேன். இடது ஸ்பீக்கருக்குச் சிவப்பில் சிவப்பு, கறுப்பில் கறுப்பு. வலதுக்கு மட்டும் மாற்றிச் செருகியிருந்தேன். ஒரு ஸ்பீக்கர் முன்னால் தள்ள, மற்றது பின்னால் இழுக்க, மேளத்தை இரண்டும் சேர்ந்து தின்றுகொண்டிருந்தன.

சரியாகச் செருகிப் போட்டதும் ஜன்னல் கம்பி அதிர்ந்தது. நைனா பாட்டு முடியும்வரை தொடையில் தாளம் தட்டினார்.

"வயரு தப்பா இருக்கும்னு தோணலயா?" என்று கேட்டேன்.

"நீ மாட்டினது ஆச்சே. எப்புடி தப்பாவும்?"

உங்கள் வீட்டிலும் இப்படி நம்புகிறவர்கள் இருக்கிறார்களா? அந்த நம்பிக்கையைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். எங்களுக்குக் களைப்பாக இருக்கிறது.