சட்டைப் பையில் இருந்த பாதை

நடக்கத் தொடங்கும் முன் மணியைச் சொல்ல வேண்டும். அந்த வேலையில் அதுதான் முதல் விதி.

முப்பது வருடங்களுக்கு மேல் புவியியல் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவன் நான். யார் வேண்டுமானாலும் இலவசமாகப் பயன்படுத்தும் ஓர் இணைய வரைபடத்தில், குடவாசலுக்குக் கிழக்கே எங்கள் ஊர்ப்பக்கத்து வாய்க்கால்களையும் பாதைகளையும் சேர்த்துவந்தேன். கையில் சின்ன ஜிபிஎஸ் கருவி. நான் போகும் தடத்தை அது நொடி தவறாமல் குறித்துக்கொள்ளும். சட்டைப் பையில் கைப்பேசி. என் பேச்சை அது பதிவு செய்யும். வெயிலில் நின்று எதையும் எழுத முடியாது. அதனால் "இடப்பக்கம் மதகு", "வலப்பக்கம் களம்" என்று வாயால் சொல்லிக்கொண்டே நடப்பேன். பிறகு வீட்டுக் கணினியில் குரலையும் தடத்தையும் பொருத்தினால், எந்தச் சொல்லை எந்த இடத்தில் சொன்னேன் என்று தெரிந்துவிடும். ஆனால் தொடக்கத்தில் ஜிபிஎஸ் காட்டும் மணியை உரக்கப் படித்திருக்க வேண்டும். இல்லையென்றால் இரண்டும் பொருந்தாது. குளக்கரை அரசமரம் ஆற்றுக்குள் போய் நிற்கும்.

அன்றைக்கு வைகாசி. உளுந்து எடுத்த வயல்கள் வெடித்துக் கிடந்தன. காலனியில் இருந்து கொத்து வேலைக்குப் போகும் ஒருவர் வழிகாட்ட என்னோடு வந்தார். "மணி ஏழு இருபது" என்று நான் படித்ததை வேடிக்கையாகப் பார்த்தார். வாய்க்கால் கரையில் அவருடைய அம்மா ஆடு மேய்த்துக்கொண்டிருந்தார்.

"யாருடா இது, தனியா பேசிக்கிட்டு வர்றாரு? வெயிலு ஏறிப் போச்சா?"

"மேப்பு எடுக்குறாரும்மா. பாதையெல்லாம் அதுல வருமாம்."

"அப்ப நம்ம சுடுகாட்டுப் பாதையையும் சொல்லச் சொல்லு." என்னைப் பார்த்துச் சிரித்தார். "சாவுறதா இருந்தா சித்திரை வைகாசியிலதான் சார் சாவணும். ஐப்பசியில செத்தா எவன் தூக்குவான் இந்தச் சேத்துல?"

வயலின் நடுவே மாட்டு வண்டி போன தடம் தெளிவாகத் தெரிந்தது. நடந்து அளந்தேன். "வாய்க்காலுக்குத் தெற்கே வண்டிப் பாதை. அகலம் எட்டடி. சுடுகாடு வரை போகிறது" என்று சொன்னேன்.

அந்த வயல் என் மனைவியின் தம்பியுடையது. பட்டா முழுக்க அவர் பேரில். பாதை வருவாய்த் துறையின் எந்தப் புலப்படத்திலும் இல்லை. ஒவ்வொரு நடவுக்கும் அதையும் சேர்த்து உழுதுவிடுவார். எனக்கு அது அன்றைக்கும் தெரியும். இருந்தாலும் வீட்டுக்கு வந்து வரைபடத்தில் பாதைக்குக் கோடு போட்டேன்.

பத்து நாளில் மைத்துனர் வந்தார். காபியைக் குடித்து முடித்துவிட்டுத்தான் ஆரம்பித்தார்.

"அத்தான், என் வயலுக்கு நடுவுல கோடு போட்டிருக்கீங்களாமே. டீக்கடையில போனை வச்சிக்கிட்டு எல்லாரும் காட்டுறானுவ."

"பார்த்ததத்தான் போட்டேன்."

"கோடையில பார்த்தா ஊரே பாதைதான். தண்ணி வரட்டும், உங்க பாதையில நண்டு நடக்கும்." அவர் சிரித்தார்.

மனைவி சமையலறை வாசலில் நின்றிருந்தாள். அவள் சிரிக்கவில்லை. "ஒரு கோடுதானே, எடுத்துடுங்களேன்."

அன்று மாலையே எடுத்துவிட்டேன். மைத்துனருக்குப் பயந்து எடுத்தேன் என்று சொல்ல முடியாது. வீட்டில் சண்டை வேண்டாம் என்று எடுத்தேன். குரல் பதிவை மட்டும் அழிக்கவில்லை.

அந்த அம்மா ஐப்பசியில் இறந்தார்.

மூன்று நாள் விடாத மழை. சம்பா முழங்கால் உயரத்துக்கு நின்றது. பாடையை வாய்க்கால் கரையில் இறக்கி வைத்திருந்தார்கள். வயலுக்குள் இறங்கக் கூடாது என்று மைத்துனர் ஆட்களோடு வரப்பில் நின்றார். ஆற்றங்கரையைச் சுற்றித்தான் போக வேண்டும் என்றார். அது இரண்டு மைல். கரை பாதி கரைந்து கிடந்தது. போலீஸ் வந்தது, பிறகு வட்டாட்சியர் வந்தார். இளம் பெண். குடைக்குள் நின்று இரு பக்கமும் கேட்டார்.

"இங்க பாதை இருந்ததுக்கு ஏதாவது ஒரு ஆதாரம் காட்டுங்க. இந்த வழியா எடுத்துட்டுப் போகச் சொல்லி நானே நின்னு அனுப்புறேன்."

அன்று வழிகாட்ட வந்த அவருடைய மகன், கூட்டத்தில் என்னைத் தேடிக் கண்டுபிடித்தார். "சார்கிட்ட இருக்கும்மா. அவரு வாயாலயே சொன்னாரு. எங்கம்மாகூட அதுல பேசியிருக்கு."

எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். மைத்துனர் என்னைப் பார்க்கவே இல்லை. செருப்பில் ஒட்டிய சேற்றை வரப்பில் தேய்த்துக்கொண்டிருந்தார். கைப்பேசி என் சட்டைப் பையில் இருந்தது. அதற்குள் அந்த அம்மாவின் சிரிப்பும் இருந்தது.

"பதிவு பண்ணீங்களா சார்?" வட்டாட்சியர் கேட்டார்.

"பண்ணினேன். ஆனா அது பொருந்தலைங்க. ஆரம்பத்துல மணி சொல்ல விட்டுப்போச்சு. எந்த இடத்துல பேசினதுன்னு உறுதியா சொல்ல முடியாது."

படித்தவன் சொல்கிற பொய் அப்படித்தான் இருக்கும். அதைச் சோதிக்க அங்கே யாருக்கும் தெரியாது என்று எனக்குத் தெரியும்.

மகன் கத்தவில்லை. "சொன்னீங்களே சார்," என்றார். "ஏழு இருபதுன்னு. நான் பக்கத்துல நின்னேனே."

நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன். வட்டாட்சியர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு ஆற்றங்கரை வழியாகவே போகச் சொன்னார்.

நானும் பின்னால் போனேன், ஏன் என்று தெரியவில்லை. கரை உடைந்த இடத்தில் முன்னால் தூக்கியவர் இடுப்பளவு சேற்றில் இறங்கினார். பாடை ஒரு பக்கமாகச் சாய்ந்தது. மகன் ஓடிப்போய்த் தன் தோளைக் கொடுத்து நிமிர்த்தினார். பாடையைத் தொட என்னை யாரும் விடவில்லை. போகச் சொல்லவும் இல்லை.

கருமாதி முடிந்த மறுநாள் வட்டாட்சியர் அலுவலகம் போனேன். மனைவியிடம் சொல்லிவிட்டுத்தான் போனேன். அவள் குடையை எடுத்துக் கொடுத்தாள். பதிவையும் தடத்தையும் நகல் எடுத்து, நான் சொன்னது பொய் என்று கையெழுத்திட்ட கடிதத்தோடு மேசையில் வைத்தேன். வட்டாட்சியர் பதிவைப் போடச் சொன்னார். என் குரல் வந்தது: "மணி ஏழு இருபது." பள்ளிக்கூடத்தில் வருகைப் பதிவு எடுக்கிற அதே அழுத்தமான குரல். அவர் கையைக் காட்டி நிறுத்தச் சொன்னார்.

"மணி நல்லாவே கேக்குதே. அன்னிக்கு இது எங்க சார் இருந்துச்சு?"

"சட்டைப் பையில."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு, "மேல போடுங்க," என்றார். முழுவதும் கேட்டோம்.

பாதை பற்றிய விசாரணை நடக்கிறது. மைத்துனர் எங்கள் வீட்டுக்கு வருவதில்லை. வரைபடத்தில் அந்தக் கோட்டைத் திரும்பப் போட்டுவிட்டேன். அதைச் சொல்ல அந்த அம்மாவின் மகனிடம் போனேன். அவர் சாரத்தின் மேல் நின்று சுவர் பூசிக்கொண்டிருந்தார். கேட்டுவிட்டு, "சரிங்க சார்," என்று மட்டும் சொன்னார். கீழே இறங்கவில்லை.