ராத்தாவின் குசினி

ராத்தா கைகழுவ வெளியே போயிருந்த நேரத்தில், குசினிக் கதவோரம் தொங்கிய அவருடைய துணிப்பையை நான் தூக்கிப் பார்த்தேன். திறக்கவில்லை. பாரம் எவ்வளவு என்று கையால் மட்டும் பார்த்தேன். பை லேசாகத்தான் இருந்தது. அதைக் கண்டு எனக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். எனக்கு வந்த யோசனை வேறு. இன்றைக்கு ஒன்றும் எடுத்துப் போகவில்லை போலிருக்கிறது என்று நினைத்தேன்.

அப்போது நான் திருகோணமலைத் துறைமுகத்துக்குப் பக்கத்தில் இருக்கும் ஒரு பராமரிப்பு நிலையத்தின் உணவுத் திட்டத்துக்குப் பொறுப்பான உத்தியோகத்தர். கட்டடத்தின் முன்பக்கம் முன்பள்ளி. பின் மண்டபத்தில் முதியவர்களுக்கான பகல் நிலையம். பிள்ளைகளுக்குப் பத்து மணிக்கும் முதியவர்களுக்கு ஒரு மணிக்கும் அரசாங்கச் செலவில் சாப்பாடு. இரண்டையும் சமைத்தது ஒரே ஆள்தான். கிண்ணியாவிலிருந்து முதல் பஸ்ஸில் வருகிற, ஐம்பது வயது தாண்டிய பெண். கிண்ணியா முஸ்லிம்கள் அக்காவை ராத்தா என்பார்கள். நானும் அப்படியே கூப்பிட்டேன்.

சந்தேகத்தைத் தொடக்கி வைத்தவர் பகல் நிலையத்துக்கு வரும் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர். ஒருநாள் என்னை மாமரத்தடிக்குக் கூட்டிக்கொண்டு போய்ச் சொன்னார்.

"பிள்ளை, நான் சொன்னதெண்டு சொல்லாதையும். மீன் துண்டு வரவரச் சின்னனாகுது. முழுமுழு மீனாக் குசினிக்குள்ள போறதைக் காணுறம். சாப்பாட்டுக் கோப்பையில வாறது இவ்வளவுதான்."

"அவவைக் கேட்டனீங்களோ ரீச்சர்?"

"எப்பிடிக் கேக்கிறது? கதவைச் சாத்திக்கொண்டெல்லோ சமைக்கிறா."

கதவு சாத்தியிருந்தது உண்மைதான். நான் ராத்தாவிடம் காரணம் கேட்டேன். "பூனை மிஸ். ரெண்டு பூனை வருது" என்றார். அந்த வளவில் நான் ஒருநாளும் பூனையைக் கண்டதில்லை. அதன்பிறகு அவர் செய்வதெல்லாம் எனக்குக் கள்ளத்தனமாகத் தெரிந்தது. எல்லாருக்கும் முன்னால் வருவது, நான் போவதற்குள் சட்டி பானையைக் கழுவிக் கவிழ்த்துவிடுவது, பையை எப்போதும் கண்ணுக்கெட்டிய தூரத்தில் வைத்திருப்பது. அவர் நிலாவெளியிலிருந்தோ திரியாயிலிருந்தோ வந்த எங்கள் தமிழ் ஆளாக இருந்திருந்தால் அந்தப் பூனையை நம்பியிருப்பேனா என்று பின்னாளில் பலதடவை என்னையே கேட்டிருக்கிறேன். நம்பியிருப்பேன் என்றுதான் தோன்றுகிறது.

அதுவரை மீன்காரர் காலை ஏழு மணிக்கே ஐஸ் பெட்டியோடு வந்து ராத்தாவின் கையில் மீனைக் கொடுத்துவிடுவார். அதை நான் மாற்றினேன். மீன் முதலில் என் அலுவலகத்துக்கு வர வேண்டும், நான் நிறை பார்த்த பிறகு ஓட்டோவில் நிலையத்துக்குப் போக வேண்டும் என்று சொன்னேன்.

"மிஸ், மீன் என்ட கைக்கு வந்தா உடனே வெட்டிக் கழுவி வைச்சிருவன். அங்கயும் இங்கயும் அலைஞ்சா பழுதாகும்" என்றார் ராத்தா.

"அரை மணித்தியாலம்தானே ராத்தா. நடைமுறை அப்பிடி."

அப்படி ஒரு நடைமுறையும் இல்லை. "சரி மிஸ். உங்கட விருப்பம்" என்றுவிட்டு ராத்தா உள்ளே போனார்.

மூன்று கிழமை நானே நிறுத்துக் கொடுத்தேன். துண்டு பெரிதாகவுமில்லை, சின்னதாகவுமில்லை. அதோடு என் சந்தேகம் தீர்ந்திருக்கலாம். நான் கண்காணிப்பது தெரிந்தும் எப்படியோ எடுக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

பிறகு அந்தச் செவ்வாய்க்கிழமை வந்தது. மீன்காரர் கொண்டுவந்தது சூரை. நான் மேல்மாடியில் திடீர்க் கூட்டமொன்றில் இருந்தேன். தொலைபேசியின் சத்தத்தை நிறுத்தியிருந்தேன். மீன்காரர் இரண்டு மூன்று தரம் அழைத்துப் பார்த்துவிட்டு, பெட்டியை வாகனக் கொட்டிலருகே வைத்துவிட்டுப் போய்விட்டார். நான் இறங்கி வரும்போது பதினொரு மணியாகப் போகிறது. நிழல் விலகி, பெட்டி நல்ல வெயிலில் இருந்தது. உள்ளே ஐஸ் தண்ணீராகியிருந்தது. ஒரு மீனைத் தூக்கி மணந்து பார்த்தேன். கெட்ட மணம் இல்லை. நிறுத்து அனுப்பிவிட்டேன்.

கொஞ்ச நேரத்தில் ராத்தா தொலைபேசியில் கூப்பிட்டார்.

"மிஸ், மீன் சூடாக் கிடக்கு. ஐஸ் ஒண்டும் இல்ல. இன்டைக்குப் பருப்போடயும் கீரையோடயும் முடிப்பமா?"

"மணமில்லைத்தானே? சமையுங்கோ. மீன் குடுக்கிற நாளில மீன் இல்லாட்டி முறைப்பாடு வரும்."

வாயில் வந்தது அது. வேண்டாமென்று விட்டால் அவ்வளவு மீனும் கிண்ணியாவுக்குப் போய்விடும் என்பதுதான் மனதில் இருந்தது.

பிள்ளைகள் பத்து மணிக்கே முட்டையும் சோறும் சாப்பிட்டு முடித்திருந்தார்கள். அது பெரிய புண்ணியம். முதியவர்களுக்குத்தான் சூரைக் குழம்பு. சாப்பிட்டுக் கால் மணித்தியாலம் ஆகவில்லை, துறைமுகத்தில் பாரந்தூக்கி ஓட்டி ஓய்வுபெற்ற ஐயா ஒருவர் தலையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். முகம் இரத்தச் சிவப்பு. கழுத்தெல்லாம் தடித்திருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே மற்றவர்களும் சொறியத் தொடங்கினார்கள். ஒன்பது பேரை ஓட்டோக்களில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். பின்னேரத்துக்குள் எட்டுப் பேர் தெளிந்துவிட்டார்கள். இருதய வருத்தமுள்ள ஒரு அம்மாவை மட்டும் இரண்டு நாள் மறித்து வைத்தார்கள்.

சூரை போன்ற மீனைக் குளிரில் வைக்காவிட்டால் அதில் ஒருவித நஞ்சு ஊறும், மணத்தில் தெரியாது, கொதிக்க வைத்தாலும் போகாது என்று வைத்தியர் எனக்குச் சொன்னார். வெளி விறாந்தையில் நின்ற சனத்துக்கு அது தெரியாது. அங்கே வேறு கதை நடந்துகொண்டிருந்தது.

"என்னத்தைப் போட்டாளோ."

"கதவைச் சாத்திச் சமைச்சது ஏனெண்டு இப்பதானே விளங்குது."

நான் மனதுக்குள் வைத்திருந்ததை ஊர் வாய்விட்டுச் சொன்னது. ராத்தா ஆஸ்பத்திரி வாசலில் தனியாக நின்றார். அவரோடு யாரும் கதைக்கவில்லை. நானும் கதைக்கவில்லை.

மறுநாள் முன்பள்ளிக்கு நான்கு பிள்ளைகள்தான் வந்தார்கள். சுகாதாரப் பரிசோதகர் வந்து மிஞ்சிய மீனை எடுத்துக்கொண்டு, என் முன்னாலேயே ராத்தாவை விசாரித்தார்.

"மீன் எத்தனை மணிக்குக் கிடைச்சது?"

"பதினொண்டு தாண்டி சேர்."

"அதுக்கு முன்னால எங்க இருந்தது?"

ராத்தா என் பக்கம் திரும்பவேயில்லை. "என்ட கைக்கு வந்த பிறகு நடந்ததைத்தான் சேர் நான் சொல்லலாம்" என்றார்.

பரிசோதகர் என்னைப் பார்த்தார். "விசாரிச்சுச் சொல்றன்" என்றேன். அந்தச் சொல்லை ராத்தாவும் கேட்டுக்கொண்டு நின்றார். அறிக்கை வரும்வரை வேலைக்கு வர வேண்டாமென்று அவரை வீட்டுக்கு அனுப்பினோம்.

இரண்டு நாள் அப்படியே இருந்தேன். மூன்றாம் நாள் அந்த ஆசிரியை சுகமாகி என் அலுவலகத்துக்கே வந்தார். "நல்ல காலம் பிள்ளை, நீர் அவளில ஒரு கண் வைச்சிருந்தீர். இல்லாட்டி என்னவெல்லாம் நடந்திருக்கும்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். நான் கையை இழுத்துக்கொண்டேன். அவர் போனதும் உட்கார்ந்து எழுதினேன். மீன் வெயிலில் கிடந்தது என்னுடைய ஏற்பாட்டால், சமைப்பவர் எச்சரித்தார், நான்தான் சமைக்கச் சொன்னேன் என்று எழுதிப் பரிசோதகருக்கும் என் மேலதிகாரிக்கும் கொடுத்தேன். அடுத்த நாள் கிண்ணியாவுக்குப் பஸ் ஏறினேன்.

ராத்தா கதிரை போட்டு, பிளேன்டீ தந்து, எதிரே நின்றுகொண்டார். எழுதிக் கொடுத்ததைச் சொன்னேன்.

"எனக்குத் தெரியும் மிஸ், மீன் எங்க கிடந்ததெண்டு. ஓட்டோக்காரர் அண்டைக்கே சொன்னவர்."

"பிறகேன் பரிசோதகரிட்ட சொல்லேல்ல?"

"நான் சொன்னா ஆர் நம்புவா? நீங்க சொன்னா நம்புவாங்க. சொல்லுவீங்களா எண்டு பாத்துக்கொண்டிருந்தன்."

நான் தேத்தண்ணியைக் கையில் எடுத்தேன். அவரே தொடர்ந்தார்.

"துண்டு சின்னன் எண்டுதானே எல்லாம் தொடங்கினது? அந்த ரீச்சருக்கு மேல் வரிசையில பல்லில்ல. பெரிய துண்டைக் குடுத்தா முள்ளோட விழுங்கிருவா. அதான் முள்ளெடுத்து ரெண்டாப் புட்டு வைக்கிறன். என்னைக் கேட்டிருந்தா சொல்லியிருப்பன். நீங்க பையையெல்லோ தூக்கிப் பாத்தீங்க."

தேத்தண்ணியைக் குடிக்கவும் ஏலவில்லை, வைக்கவும் ஏலவில்லை.

எனக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. பொறுப்பிலிருந்து எடுக்கவில்லை. ராத்தா மேல் பிழையில்லை என்ற அறிக்கையை மண்டபத்தில் எல்லாரையும் கூட்டி நானே வாசித்தேன். என் பிழையையும் சொன்னேன். ஒரு தாய் எழும்பி, "நீங்கள் ஆளையாள் காப்பாத்திறியள் போல" என்றார். சந்தேகத்தை ஊட்டுவது எவ்வளவு சுலபம் என்று எனக்குத் தெரிந்திருந்தது. அதைத் திரும்ப எடுப்பது எப்படியென்று தெரியவில்லை.

ராத்தா திரும்பி வந்தார். மீன் நேரே தன் கைக்கு வர வேண்டும், சரியில்லையென்றால் கொட்டும் உரிமை தனக்கு வேண்டும் என்றார். இரண்டையும் எழுதிக் கொடுத்தேன். வந்த முதல் நாள், சமைத்து முடித்ததும் ஒரு கோப்பையில் சோறு போட்டு மண்டபத்தின் நடுவில் நின்று, எல்லாரும் பார்க்கத் தானே முதலில் சாப்பிட்டார். அடுத்த நாளும் அப்படியே செய்தார்.

"இது வேண்டாம் ராத்தா" என்றேன்.

"உங்களுக்கு வேண்டாம் மிஸ். எனக்கு வேணும்."

பிள்ளைகள் ஒரு மாதத்துக்குள் திரும்பி வந்துவிட்டார்கள். முதியவர்களில் மூன்று பேர் இன்னமும் வீட்டுச் சாப்பாட்டோடுதான் வருகிறார்கள். பாரந்தூக்கி ஓட்டிய ஐயாவும் அதில் ஒருவர். ராத்தா அவர்களுக்கும் தண்ணீர் வார்த்துக் கொடுக்கிறார். என்னோடு வேலைக் கதை மட்டும் கதைக்கிறார். கூப்பிட்டால், "சொல்லுங்க மிஸ்" என்று மரியாதையாகத் திரும்புகிறார். சொல்லி முடித்ததும் அடுப்பைப் பார்க்கப் போய்விடுகிறார்.